எதிராளிக்கு ஒரு பெட்டி போளி

தொழில் எதிராளியின் ஆபீசைத் தேடிப் போய், "என் ஏரியாவுக்குள்ள வாங்க, வந்து எனக்குப் போட்டியா லைன் இழுங்க" என்று கேட்ட ஆள் கோவில்பட்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெறுங்கையோடு போகவில்லை. கடம்பூரிலிருந்து போளி வரவழைத்து, அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "சம்பந்தம் பேசப் போற மாதிரில்லா கெளம்புதே" என்று சிரித்தார். போன காரியமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

நாங்கள் கேபிள்காரர்கள். வீட்டுக்காரர் கம்பத்தில் ஏறுவார், நான் ஆபீசில் உட்கார்ந்து ஊரையும் அவரையும் சத்தம் போடுவேன். இந்த ஏற்பாடு கல்யாணமான வருஷத்திலிருந்து மாறவில்லை. அப்போது மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா அதன் ஓரத்தில்தான் வத்தல் காயப்போடுவார். படம் தெரியவில்லை என்று யாராவது வந்தால், முதலில் மாடிக்குப் போய் வத்தலைத்தான் பார்ப்போம்.

ஊரில் இன்னொரு கேபிள்காரர் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த குடும்பம், எங்களைவிட வசதி. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான். தண்டவாளத்துக்குக் கிழக்கே நாங்கள், மேற்கே அவர் என்று ஒரு பேச்சு இருந்தது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. கிழக்கே குடியிருந்தவர் மேற்கே வீடு மாறினால், ரேஷன் கடை மாறுவது போலக் கேபிளும் மாறிவிடும். யாரும் யார் எல்லையிலும் கால் வைக்கவில்லை. கோயில் கொடையில் பார்த்தால் வெற்றிலை மாற்றிக்கொள்வோம்.

அந்தக் காலம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சுகமோ சுகம். ஒயர் இற்றுப் போனால் டேப் சுற்றுவோம், டேப் இற்றுப் போனால் அதன் மேல் இன்னொரு டேப். புதிதாக ஒயர் வாங்கிப் போட எனக்கு என்ன பைத்தியமா? திட்டுகிறவர்கள் திட்டிவிட்டு எங்கே போவார்கள்? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியும் இதே நியாயத்தில்தான் இருந்தார். கோவில்பட்டி முழுக்க கொசுவலை போட்ட மாதிரித்தான் டி.வி. பார்த்தது.

அப்புறம் வரிசையாக வந்தது. முதலில் எல்லா வீட்டுக்கும் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்று சர்க்கார் சொன்னது. டெல்லியில் யாரோ பேனாவைத் திறந்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாக்ஸ் வாங்கி முடித்து மூச்சு விடுவதற்குள் செல்போனில் நெட்டை அள்ளிக் கொட்டினார்கள். "எல்லாம் போன்லயே பாத்துக்கிடுதோம்க்கா" என்று பாக்ஸைத் துடைத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். துடைத்துக் கொண்டுவந்ததுதான் எனக்கு ரொம்பவும் வலித்தது. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பைபர் லைனோடு ஊருக்குள் இறங்கின. தண்டவாளமாவது எல்லையாவது!

அப்போதுதான் எங்கள் பணம் முதல்முறையாகப் பெட்டியை விட்டு இறங்கியது. லைசென்ஸ் எடுத்து நாங்களும் பைபர் போட்டோம். அண்ணாச்சியும் போட்டார். பயம் இல்லாதவரை யாரும் முதல் போட மாட்டார்கள் என்பது என் அனுபவம். பயம் அளவுக்கு மீறினாலும் போட மாட்டார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இதற்குள் என் ஒரே மகளுக்குக் கல்யாணமாகி, ஒரு பேத்தியும் பிறந்துவிட்டாள். கூடப் படித்தவர்தான் மாப்பிள்ளை. விளாத்திகுளம் போகிற வழியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே விலகிய சின்ன ஊர். கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல், நடுவில் ஒரு கண்மாய், கண்மாய்க்கு இந்தப் பக்கம் அவர்கள் ஊர், அந்தப் பக்கம் இன்னோர் ஊர். மாப்பிள்ளை வீட்டில் ஆடுதான் பரம்பரைச் சொத்து. இப்போது உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு அந்த மண்ணை விட்டு வர மனசில்லை. மகளுக்குச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அதை விட அவளுக்கு மனசில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னது. ஆனால் அந்த ஊரில் செல்போனில் பேசத்தான் முடியும், நெட் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறினால்தான் வரும். தினமும் தொட்டி மேல் உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா?

"நாம லைன் இழுத்துருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

கணக்குப் போட்டால் இழுக்கவே கூடாத லைன். தூரம் அதிகம், வீடு குறைவு. தரைக்கடியில் புதைக்கவும் வழியில்லை. கரிசல் மண் கோடையில் வாயைப் பிளக்கும், மழையில் ஊதிக்கொண்டு வரும். அந்த இழுப்பில் கேபிள் அறுந்துவிடும். கம்பம்தான் நட வேண்டும். அதுவும் தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு மூடினால் அடுத்த மழையில் கம்பம் தலைகுனிந்து நிற்கும். குழிக்குக் குழி சரள் கொண்டுபோய்க் கொட்டி இறுக்க வேண்டும்.

ரோட்டோரம் கம்பம் நட அனுமதி கேட்டுப் போனோம். அங்கே ஓர் அதிகாரி, பார்க்க நல்ல மனிதர், தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "நடலாம்மா. ஆனா ரோட்டுக்கு ஒரு வரிசைதான். பின்னால வேற யாரும் லைன் கொண்டுவந்தா, வாடகை வாங்கிக்கிட்டு உங்க கம்பத்துலயே அவியளுக்கும் எடம் குடுக்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "குழி நான் தோண்டணும், சரள் நான் கொட்டணும், கம்பம் நான் நடணும். நட்டு முடிச்சதும் எவனோ வந்து நோகாம தொங்குவானாக்கும்?"

"ஆளாளுக்கு ஒரு வரிசை நட்டா பஸ் எங்கனம்மா போகும்?" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல். அதனால் என் கோபம் இன்னும் கூடியது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊர் வரும்வரை அந்த விதியைத் திட்டிக்கொண்டே வந்தேன். "வாடகை வரும்லா" என்றார் வீட்டுக்காரர். "வாடகையை வச்சு நாக்கா வழிக்க? எனக்கு வீடு வேணும். முதல்ல போறவளுக்கு ஊரு முழுக்கக் கெடைக்கணும். இல்லன்னா எந்தக் கிறுக்கு முதல்ல போவா?" என்றேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த ஊரில் என் மகள் இல்லையென்றால் அங்கே கம்பமும் கிடையாது, கேபிளும் கிடையாது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். விதி பின்னால் இழுத்தது, மகள் முன்னால் தள்ளினாள். கையெழுத்துப் போட்டேன்.

லைன் போய்ச் சேர்ந்த அன்று மகள் வீட்டு மோடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் பேத்தி கைதட்டினாள். சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இம்புட்டுத்தானா தாயி?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு ஊருக்கே வெளிச்சம் கொண்டுவந்த நினைப்பில் இருந்தேன் நான்.

கொஞ்ச நாளில் நான் பயந்தது நடந்தது. அண்ணாச்சி போன் போட்டார். அந்த ரோட்டில் கம்பத்தில் இடம் கிடைக்குமா, வாடகையைச் சரியாகத் தந்துவிடுகிறேன் என்றார். "கம்பம் தாங்காது அண்ணாச்சி. கரிசல் மண்ணு. எங்க கேபிளுக்கே ஆடுது" என்றேன், சிரிக்காமல். அவர் நினைத்திருந்தால் விதியைக் காட்டி அதிகாரிக்கு எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. "சரிம்மா, காத்து பலமாத்தான் அடிக்கு. கம்பத்தப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த ஊர் முழுக்க என் கையில். பழைய சுகம் திரும்பிவிட்டது. லைன் கோளாறு என்று யாராவது கூப்பிட்டால், "நாளைக்கு ஆள் வரும்" என்பேன். நாளைக்கும் அதையே சொல்வேன். மகள்கூட ஒருநாள், "ஏம்மா, எனக்கும் நாளைக்குத்தானா?" என்றாள். "ஏட்டி, உனக்கு இன்னைக்கே" என்று வீட்டுக்காரரைத் துரத்திவிட்டேன். மற்றவர்களுக்கு நாளைக்குத்தான்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சித்திரை வெயில் வந்தது. தரையில் புல் காய்ந்து போனால் ஆடுகளுக்கு உடைமரத்துக் காய்தான் சாப்பாடு. சம்பந்தி தொரட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நீளமான கம்பு, நுனியில் சின்ன அரிவாள். மாட்டி ஓர் இழு இழுத்தால் கிளையே இறங்கி வரும், ஆடுகள் கூடி மொய்க்கும். ரோட்டோரத்து உடைமரம் ஒன்றுக்குள் நுழைந்துதான் எங்கள் கேபிள் போகிறது. அவர் இழுத்த இழுப்பில் கிளையோடு அதுவும் இறங்கி வந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் பயந்து ஓடியிருப்பார்கள். சம்பந்தி பொறுப்பான மனிதர். மடியிலிருந்து பனைநாரை எடுத்து, அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து வைத்து, கிணற்றுக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, இறுக்கிக் கட்டி, மறுபடியும் மரத்தில் தூக்கி மாட்டிவிட்டு ஆட்டோடு போய்விட்டார். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வீட்டுக்காரருக்கு நேரமே ஆகவில்லை. ஆனால் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்து முடிக்க நேரமாகிவிட்டது. உள்ளே ஓடுவது தலைமுடி கனத்துக் கண்ணாடி இழை. அதை நார் வைத்துக் கட்டியிருக்கிறார்.

"கரண்டு கம்பின்னா நான் தொடுவனா தாயி?" என்று என்னிடம் கேட்டார் சம்பந்தி. "கயிறு மாதிரிதான் இருந்துச்சி. இறுக்கித்தான் கட்டிருக்கேன். யானைய வச்சு இழுத்தாலும் வராது."

"முடிச்சு வராதுண்ணே. நெட்டும் வராது" என்றேன். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகள் சிரிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் அவள் எதையோ விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் லைன் அறுந்திருக்கிறது. பாதிப் பேச்சில் ஆளைக் காணோம். இது முதல் தடவையும் இல்லை. காற்றுக்கு ஒரு தடவை, வைக்கோல் லாரி மோதி ஒரு தடவை என்று ஏற்கெனவே போயிருந்தது. கம்பெனியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு லைன் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு வேறு வேறு கம்பெனியிலிருந்து வர வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று ஓட வேண்டும். ஆவணி முடிவதற்குள் ஏற்பாடு செய்யாவிட்டால் சென்னைக்கு வந்து உட்கார வேண்டியதுதான்.

"நானும் பாப்பாவும் போயிருவோம்மா" என்றாள். "அவரு ஆட்டையும் வெள்ளாமையையும் விட்டுட்டு வர முடியாது. மாசத்துக்கொருக்க வந்து பாத்துக்கிட வேண்டியதுதான்."

அவள் அழவில்லை. தீர்மானித்துவிட்ட குரலில் சொன்னாள். பேத்தி அப்போது ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதனிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

என் புத்தி முதலில் குறுக்கு வழியில்தான் போனது. "ரெண்டாவது லைனையும் நாமளே இழுப்போம். உங்க சித்தப்பா பேர்ல ஒரு போர்டு வச்சுருவோம். கம்பெனி ரெண்டாச்சுல்லா?" என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டும் ஒரே எடத்துல இருந்துதான் வருதுன்னு அவிய கம்ப்யூட்டரே சொல்லிரும்மா." அந்தக் கம்ப்யூட்டர் மேல் எனக்கு இன்னும் மரியாதை வரவில்லை.

பெரிய கம்பெனிகளுக்குப் போன் போட்டுப் பார்த்தோம். அந்த ஊருக்கு இப்போதைக்குத் திட்டம் இல்லை என்று இனிமையான குரலில் சொன்னார்கள். இத்தனை குறைந்த வீட்டுக்கு, அதுவும் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு யார் வருவார்கள்? ஒருத்தரும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான். அந்த வேண்டுதல் இவ்வளவு சுத்தமாகப் பலித்ததைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்தது. மிச்சம் இருந்தது அண்ணாச்சி ஒருவர்தான். அதனால்தான் போளி.

தண்டவாளத்தைத் தாண்டி அவர் ஆபீசுக்குப் போனேன். பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடம். மருந்து வாசனை போய்விட்டது, கேபிள் சுருள்கள் அடுக்கிக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்ததும் உட்கார்ந்தார்.

ஒரு போளியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "சொல்லும்மா" என்றார். சொன்னேன். தொரட்டி, பனைநார், கம்பெனி, பேத்தி எல்லாம் சொன்னேன். பனைநாருக்கு அவர் சிரித்த சிரிப்பில் போளி புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அன்னைக்கு நான் எடம் கேட்டப்ப கம்பம் தாங்காதுன்னியே. இப்பத் தாங்குமோ?"

"இப்பவும் தாங்காது அண்ணாச்சி" என்றேன். விட்டுக்கொடுக்க எனக்கு வரவில்லை. "தாங்கினாலும் பிரயோசனம் இல்ல. ரெண்டு கேபிளும் ஒரே கம்பத்துல போனா, எங்க சம்பந்தி ஒரே இழுப்புல ரெண்டையும் இழுத்துருவாரு. நீங்க வேற பக்கமா வரணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர் வரைக்கும் அவர் லைன் ஏற்கெனவே வந்திருந்தது. சொந்தக்காரர் ஒருவரின் தீப்பெட்டி ஆபீசுக்காக இழுத்தது. அங்கிருந்து மகள் ஊருக்கு அதிக தூரம் இல்லை. "ஆனா யோசிச்சுப் பாரும்மா" என்றார். "இருக்கதே கொஞ்ச வீடு. அம்புட்டும் உன் கையில. நான் கம்பம் நட்டு, கேபிள் இழுத்து வந்தா, பாதி வீடு வருதுன்னே வை. உனக்கும் பத்தாது, எனக்கும் பத்தாது. எவன் முதல் போடுவான்? அன்னைக்கு நீ எடம் குடுத்திருந்தா கேபிள் மட்டுந்தான் செலவு. வந்திருப்பேன். நீ இல்லன்னதும் அந்த முதல மேற்க போட்டுட்டேன்."

நான் ஸ்கூட்டரில் வைத்துத் திட்டித் தீர்த்த விதி இப்போது என் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. கம்பத்தைப் பங்குபோடச் சொன்னால் முதலில் போகிறவள் தயங்குகிறாள். பங்குபோட மறுத்தால் இரண்டாவது ஆள் வருவதில்லை. நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். எது சரி என்று என்னைக் கேட்டால், நான் எந்தப் பக்கம் நிற்கிறேனோ அதுதான் சரி என்று சொல்வேன்.

"கம்பம் நான் தாரேன்" என்றேன். எங்கள் கொல்லையில் உபரிக் கம்பங்கள் கிடந்தன. "நடுறதுக்கு எடம் எங்க சம்பந்தி புஞ்சை ஓரம். பட்டா நிலம், ஒரு ஆபீசுக்கும் போய் நிக்க வேண்டாம், அவரு சரின்னா போதும். நீங்க கேபிளும் ஆளும் மட்டும் கொண்டாங்க."

அண்ணாச்சிக்குக் கண் விரிந்தது. ஆனால் அவரும் வியாபாரிதான். "அதோட, உன் ரோட்டுக் கம்பத்துல எனக்கு எடம் வேணும். உன் மக ஊருக்கில்ல. அதுக்கும் அங்கிட்டு ரெண்டு ஊரு இருக்கு. அங்க போகணும் நான்."

அந்த இரண்டு ஊரின் மேல் எனக்கும் ஒரு கண் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். "வாடகையக் கரெக்டா குடுத்துரணும்" என்றேன்.

"கம்பம் தாங்குமாம்மா?" என்றார்.

"தாங்கும் தாங்கும்" என்றேன்.

சம்பந்தி புஞ்சையைக் கேட்டபோது பாதி வாக்கியத்திலேயே தலையாட்டிவிட்டார். பனைநார் விஷயம் ஊரில் பரவி, டீக்கடையில் அவரைக் கண்டாலே, "அண்ணே, ஒரு முடிச்சுப் போட்டுக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மருமகளும் பேத்தியும் ஊரைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அவரை என்னைவிட அதிகமாகவே தின்றிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சரள் அள்ளியது, குழி தோண்டியது எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். புதுக் கேபிள் மரத்தை ஒட்டிப் போகிற இடங்களில் எல்லாம் சிவப்புத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டினார். எங்கள் கேபிளுக்கும் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் ரோடு முழுக்க ஏதோ சாமிக்கு நேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆவணி முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மகள் வீட்டுச் சுவரில் இரண்டு மோடங்கள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் பச்சை. கம்பெனியும் சரி என்று சொல்லிவிட்டது. மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் வந்து எங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். என் மோடத்துக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் மோடம் கொஞ்சம் பெரிதாக, பளபளப்பாக இருந்ததைக் கண்ணில் நீரோடு நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். அதுவரை "அக்கா, கொஞ்சம் ஆள் அனுப்புங்களேன்" என்று கெஞ்சியவர்கள், "அண்ணாச்சி மோடத்தச் சும்மா குடுக்காராம்லா, நீங்க என்ன செய்யுதீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாதி வீடு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு ரோஷம் வந்தது. பழைய ஜாயிண்ட் பெட்டிகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன். வேகத்தைக் கூட்டினேன். அந்தப் பக்கத்திலேயே ஓர் ஆளை நிரந்தரமாகப் போட்டேன். "நாளைக்கு ஆள் வரும்" என்ற வசனம் என் வாயிலிருந்தே மறைந்துவிட்டது. போன பாதியில் கொஞ்சம் திரும்பி வந்தது. அதைப் பார்த்து அண்ணாச்சி தன் பக்கம் ஏதோ செய்தார், நான் என் பக்கம் ஏதோ செய்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த ஊர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட என்னிடம் வேகம் பற்றிப் பேசினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் குடித்துக் குடித்து ஊதியது. ஒருநாள் மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் மகள் ஊர் வீடுகள் எல்லாம் சிவப்பாகிவிட்டன. ரோட்டில் ஓடையை ஒட்டிய எங்கள் கம்பம் சாய்ந்து கேபிளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொருத்தருக்கும், "இந்தா கெளம்பிட்டாவ" என்று சொன்னேன். வீட்டுக்காரர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார், அது கிளம்ப மறுத்தது.

இத்தனை ஏற்பாடு செய்தும், முதல் மழையிலேயே இப்படியா? அவள் யாரிடம் என்ன பேசிக்கொண்டிருக்கிறாளோ, பாதியில் போயிருக்குமோ, கம்பெனிக்காரன் என்ன சொல்லுவானோ என்று நினைத்துக்கொண்டே மகளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மூன்றாம் தடவை எடுத்தாள். பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள், தடையில்லாமல்.

"என்னம்மா? மீட்டிங்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தாள்.

"ஏட்டி, லைன் போயிருச்சே!" என்றேன்.

"எந்த லைன்?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. இத்தனை வருஷத் தொழிலில் என் லைன் அறுந்ததே தெரியாமல் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கிறாள், அவள் என் மகள். இதைவிட என்ன வேண்டும் எனக்கு?

ஸ்கூட்டர் ஒருவழியாகக் கிளம்பியது. "அவளுக்கு என்னாச்சு?" என்று வீட்டுக்காரர் பதறிக்கொண்டு கத்தினார்.

"ஒண்ணும் ஆகல. மழை விடட்டும், மெதுவா போங்க" என்றேன்.